பட்டாளத்துக்குப் போன கொள்ளுத்தாத்தாவைத் தேட: ராணுவப் பதிவேடா, ஊர் வரலாறா?

"எங்க கொள்ளுத்தாத்தா பட்டாளத்துல இருந்தாராம், பஸ்ரா வரைக்கும் போனாராம்." வட ஆர்க்காடு, சேலம், மதுரை, திருநெல்வேலிப் பக்கம் எத்தனையோ வீடுகளில் குடும்ப வரலாறு இந்த ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. எந்தப் படை, எந்த வருஷம், திரும்பி வந்தாரா, வந்தபின் என்ன செய்தார் என்று அடுத்த கேள்வி கேட்டால் பெரியவர்கள் கையை விரிப்பார்கள். அதற்கு மேல் தேட நினைப்பவர்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ராணுவம் தன் ஆட்களைப் பற்றி எழுதி வைத்த பதிவேடுகள். இன்னொன்று, ஊர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் பதிவுகள்: கெசட்டியர் எனப்படும் மாவட்ட விவரத் தொகுப்பு, நிலப் பதிவேடு, பத்திரம், கோயில் கணக்கு, விழா மலர். இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ள எல்லோருக்கும் நேரமோ பணமோ இருக்காது. எதில் தொடங்குவது என்பதுதான் கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் போரில் இறந்தவர் என்றால் ராணுவப் பதிவில் தொடங்குங்கள். உயிரோடு திரும்பி வந்தவர் என்றால் ஊரில் தொடங்கி, கையில் ஒரு எண்ணோ படைப்பிரிவின் பெயரோ கிடைத்த பிறகு ராணுவத்துக்குப் போங்கள். குடும்பத்துக்கு அந்தக் காலத்தில் நிலம் இல்லை என்றால், மற்றது எதுவானாலும் ராணுவப் பதிவை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

இறந்தவர் என்றால்

இரண்டு உலகப் போர்களிலும் உயிரிழந்த இந்திய வீரர்களின் விவரங்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. வீட்டிலிருந்தபடியே தேடலாம், யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். பெயர், எண், பதவி, படைப்பிரிவு, இறந்த தேதி, எந்தக் கல்லறையில் அல்லது எந்த நினைவுச்சுவரில் பெயர் இருக்கிறது என்பது வரும். கூடுதல் விவரம் என்ற கட்டத்தில் பல பதிவுகளில் ஒரு வரி இருக்கும்: இன்னாருடைய மகன், இன்னாருடைய கணவர், இன்ன ஊர், இன்ன ஜில்லா.

அந்த ஒரு வரியின் மதிப்பைக் குறைத்து எடைபோடாதீர்கள். 1940களில் ஒரு கிராமத்துப் பெண்ணின் பெயர் அரசாங்கக் காகிதத்தில் ஏறுவது அபூர்வம். பட்டா கணவன் பேரில், ரசீது மகன் பேரில் என்று போய்க்கொண்டிருந்த காலம் அது. பர்மாவில் மாண்ட ஒரு சிப்பாயின் மனைவி என்பதால் அவள் பெயர் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. கொள்ளுப்பாட்டியின் பெயரையே மறந்துவிட்ட குடும்பங்களுக்கு அது திரும்பக் கிடைப்பது சின்ன விஷயமா?

தேடும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள். முனுசாமியும் கோவிந்தசாமியும் நூற்றுக்கணக்கில் வருவார்கள். எழுத்துக்கூட்டலும் எழுதிய குமாஸ்தாவின் காதைப் பொறுத்தது. அதற்குப் பதில் ஊரின் பெயரைக் கூடுதல் விவரக் கட்டத்தில் போட்டுத் தேடுங்கள், அதையும் அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் போடுங்கள். திருச்சி அப்போது ட்ரிச்சினாப்பொலி, திருநெல்வேலி டின்னவேலி, தஞ்சாவூர் டாஞ்சோர். இன்றைய ராணிப்பேட்டை, திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்கள் அன்று வட ஆர்க்காட்டுக்குள் இருந்தன. ஊர் பெயர் கிடைத்துவிட்டால் அதே ஊரிலிருந்து போன மற்றவர்களும் சேர்ந்தே வருவார்கள். பல நேரம் அவர்கள் பங்காளிகளாகவோ அதே தெருக்காரர்களாகவோ இருப்பார்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரே படைப்பிரிவில் போய்ச் சேர்வது அன்று சாதாரணம்.

இரண்டாம் போரில் பர்மாவில் இறந்தவர்கள் என்றால் தௌக்யான் கல்லறையில் உள்ள ரங்கூன் நினைவிடத்தைப் பாருங்கள். கிட்டத்தட்ட 27,000 பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. மலாயா, சிங்கப்பூர் என்றால் கிராஞ்சியில் உள்ள சிங்கப்பூர் நினைவிடம். அங்கே 24,000க்கும் மேல். சென்னையிலேயே நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறை இருக்கிறது. நேரில் போக முடிந்தவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

முதல் உலகப் போருக்கு இது இவ்வளவு சுலபம் இல்லை. இராக்கில் உள்ள பஸ்ரா நினைவிடத்தில் ஆங்கிலேய வீரர்களின் பெயர்கள் சுவரில் பொறிக்கப்பட்டன. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர், சாதாரண சிப்பாய்களுக்குப் படைப்பிரிவின் பெயரும் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையும்தான். 2021இல் அந்த ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டு, இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் பெரும்பான்மையாக இருந்த 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாமல் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயர் இல்லாமலோ, நினைவுகூரப்படாமலோ விடப்பட்டார்கள் என்றும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ஆகவே முதல் போரில் இறந்ததாக வீட்டில் சொல்லப்படும் ஒருவர் அந்தத் தளத்தில் வரவில்லை என்றால், அவர் போகவே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தேடும் இடத்தையும் பஸ்ராவோடு நிறுத்தாதீர்கள். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் இறங்கிய படையில் 63ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படையும் 61ஆம் பயனியர்களும் (சாலை போடுவது போன்ற வேலைகளும் செய்த காலாட்படை) இருந்தார்கள். "ஆப்பிரிக்காவுக்குப் போனார்" என்று ஒரு பாட்டி சொன்னால் நம்புங்கள்.

திரும்பி வந்தவர் என்றால்

இங்கேதான் பலரும் திணறுகிறார்கள். இறந்தவருக்கு உள்ளது போல ஒரே இடத்தில் எல்லாப் பெயரையும் தேடும் வசதி உயிரோடு வந்தவருக்கு இல்லை. பஞ்சாபுக்கு ஒரு கொடுப்பினை இருந்தது. முதல் போரில் பணியாற்றிய சுமார் 3,20,000 பேரின் விவரம் ஊர்வாரியாக எழுதப்பட்ட பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்து, 2021இல் அவற்றில் ஒரு பகுதி இணையத்துக்கு வந்தது. சென்னை மாகாணத்துக்காரர்கள் அப்படி ஊர் பெயரைத் தட்டிப் பார்க்க முடியாது. நமக்கு உள்ள வழி ஒவ்வொரு படைப்பிரிவின் ஆவண அலுவலகம்.

ஒருவர் படையில் சேரும்போது ஷீட் ரோல் என்று ஒரு தாள் தொடங்குவார்கள். எண், பெயர், தகப்பனார் பெயர், மதம், சாதி, ஊர், தபால் நிலையம், தாலுகா, ஜில்லா, உயரம், உடம்பில் உள்ள அடையாளம், நெருங்கிய உறவினர் என்று அதில் இருக்கும். பிறகு பதவி உயர்வு, போன இடங்கள், பதக்கம், விடுப்பு, தண்டனை எல்லாம் சேரும். படம் ஒன்றுகூட எடுக்காத மனிதருக்கு "வலது புருவத்துக்கு மேல் தழும்பு" என்ற ஒரு வரி கிடைத்தால் குடும்பத்துக்கு அது புகைப்படம் மாதிரி.

ஆனால் அந்தத் தாள் இன்றும் இருக்கிறதா? பென்ஷன் வாங்காமல் வெளியேறியவரின் பணி ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. இரண்டாம் போர் முடிந்ததும் படையைச் சுருக்கியபோது வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏராளமானோர் பென்ஷன் இல்லாதவர்கள்தான். அவர்களுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் லாங் ரோல் எனப்படும் நீண்ட பேரேட்டில் உள்ள ஒரு வரி. பென்ஷன் வாங்கியவரின் கோப்புக்கு வாய்ப்பு அதிகம். ஆகவே "தாத்தா பென்ஷன் வாங்கினாரா?" என்பதை முதலில் வீட்டில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பாட்டி மாசா மாசம் தாலுகா கஜானாவுக்குப் போய்ப் பணம் வாங்கி வந்த நினைவு யாருக்காவது இருந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்பதும் படைப்பிரிவு தெரிந்தால்தான் முடியும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது பாலமும் பாதையும் போடும் பொறியியல் படை என்றால் பெங்களூரு. தம்பிகள் என்று ராணுவம் முழுக்கப் பெயர் வாங்கியவர்கள் அவர்கள். பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், தளவாடப் பிரிவுக்கும் மின் இயந்திரப் பொறியியல் பிரிவுக்கும் செகந்திராபாத். "மெட்ராஸ் பட்டாளம்" என்று வீட்டில் சொல்வதை வைத்து வெலிங்டனுக்கு எழுதிவிட்டு, "எங்களிடம் பதிவு இல்லை" என்று பதில் வந்ததும் சோர்ந்துபோகிறவர்கள் நிறைய. லாரி ஓட்டியவராகவோ பாலம் கட்டியவராகவோ இருந்தால் அவர் வேறு படையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

காலமும் இதில் கைகொடுக்கும். மெட்ராஸ் காலாட்படையை ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே குறைத்துக்கொண்டு வந்தார்கள். வடக்கே உள்ளவர்கள்தான் போர் மரபினர் என்ற கொள்கை அப்போது தலைதூக்கியது. 1922 மறுசீரமைப்பில் பழைய எண்கள் மாறின. 73ஆம் கர்நாடகக் காலாட்படை 3ஆம் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன் ஆனது. கொஞ்ச காலத்தில் அந்த ரெஜிமென்ட்டே கலைக்கப்பட்டு, இரண்டாம் போரின்போதுதான் மெட்ராஸ் ரெஜிமென்ட் மறுபடி எழுந்தது. பயனியர் படைகளை 1933இல் கலைத்தார்கள். எனவே 1935 வாக்கில் பட்டாளத்தில் இருந்தவர் என்றால் காலாட்படையைத் தேடுவது வீண், சாப்பர்ஸிலிருந்து தொடங்குவதே சரி.

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் சிப்பாயைத் தேடுகிறவர்களுக்கு நல்ல செய்தி சொல்ல முடியவில்லை. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் வெள்ளைக்கார அதிகாரிகளின் வாழ்க்கையே விரிந்து கிடக்கிறது. நம் ஆட்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகத்தான் இருக்கிறார்கள். 1857க்கு முந்தைய ஒருவரைத் தேட ராணுவப் பதிவை நம்பி லண்டன் வரை செலவு செய்ய வேண்டாம் என்பதே என் யோசனை.

பெட்டியைத் திறங்கள்

இரண்டு வழிகளுக்கும் முன்னால் வீட்டுப் பரண் இருக்கிறது. படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக் கிடைத்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. அது இல்லாவிட்டாலும் பதக்கம் ஒன்று எங்காவது கிடக்கும், குழந்தைகள் விளையாடி ரிப்பன் போய்விட்டிருக்கும். முதல் போரின் வெள்ளிப் பதக்கத்தை எடுத்து, ராஜா தலையைப் பார்க்காமல் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். நாணயத்தில் வரி வரியாகப் பள்ளம் இருக்குமே, அந்த இடத்தில் பொடி எழுத்தில் எண், பதவி, பெயர், படைப்பிரிவின் சுருக்கம் இருக்கும். கியூ.வி.ஓ., எஸ். அண்ட் எம். என்று இருந்தால் விக்டோரியா மகாராணியின் சொந்த சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். இரண்டாம் போரின் நட்சத்திரப் பதக்கங்களில் பிரிட்டன் தன் வீரர்களின் பெயரைப் பொறிக்கவில்லை. இந்தியர்களுக்குக் கொடுத்தவற்றில் பெரும்பாலும் பெயர் உண்டு. அதே முதல் போர்ப் பதக்கம் வெள்ளியில் இல்லாமல் வெண்கலத்தில் இருந்தால், அவர் தொழிலாளர் படையிலோ படையோடு போன பணியாளராகவோ இருந்திருப்பார். அப்படியானால் சிப்பாய்ப் பட்டியலில் தேடிக் களைக்க வேண்டாம்.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்ந்துபோன விளிம்பில் எண்ணை மீட்க முடியாது. சாய்வாக வெளிச்சம் விழும்படி வைத்துப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினாலே படிக்கலாம்.

ஊர் வரலாறு என்ன தரும்

ஊர் வரலாறு என்றதும் பலரும் மாவட்ட மேனுவல்களையும் கெசட்டியர்களையும் தேடிப் போகிறார்கள். நெல்சன் எழுதிய மதுரை மேனுவல் 1868இல் வந்தது. தஞ்சாவூர், மதுரை கெசட்டியர்கள் 1906இல் வந்தன, திருநெல்வேலி கெசட்டியர் 1917இல். எல்லாம் இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன, படிக்கவும் சுவாரஸ்யமாக இருக்கும். ஆனால் உங்கள் கொள்ளுத்தாத்தா அதில் இருக்கமாட்டார். ஜமீன்தார், பாளையக்காரர், கலெக்டர், பாதிரியார் இவர்களுக்குத்தான் அங்கே பெயர் உண்டு. மற்றவர்கள் "இந்தச் சாதியார் இந்தத் தொழில் செய்கிறார்கள்" என்ற வாக்கியத்துக்குள் மொத்தமாக அடங்கிவிடுகிறார்கள். ஒன்றுக்கு மட்டும் அவை நன்றாகப் பயன்படும்: அந்த வருஷம் ஊரில் ஏன் அவ்வளவு பேர் பட்டாளத்துக்குப் போனார்கள் என்று புரிந்துகொள்ள. மழை பொய்த்ததா, பஞ்சம் வந்ததா, நெசவு படுத்ததா என்பது அங்கே தெரியும்.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது. இந்த ஊரிலிருந்து 277 பேர் பெரும் போருக்கு (முதல் உலகப் போர்) சென்றார்கள், அவர்களில் 14 பேர் உயிர் நீத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறார்கள். இதே வாசக அமைப்பில் எண்களை மட்டும் மாற்றி நாடு முழுக்கப் பல ஊர்களில் கல் பதித்தார்கள். நடுகல் நட்ட மண் இது. செங்கம் பக்கத்து நடுகற்களில் மாடு மீட்கப் போய் மாண்ட வீரனுடைய பெயர், அவன் தலைவன் பெயர், ஆண்ட அரசனின் ஆட்சியாண்டு வரை எழுதியிருக்கும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஊர் தன் ஆளுக்குச் செய்த அந்த மரியாதையை 1919இல் அரசாங்கம் செய்யவில்லை. எண்ணிக்கை மட்டும் இருக்கும் அந்தக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. ஆனால் தேடுகிறவருக்கு அந்தக் கல்லும் ஒரு தடயம்தான். உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தால், அங்கே முறையாக ஆள் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதன் காகிதம் எங்கோ இருந்திருக்கிறது.

கெசட்டியரை விட உதவுவது அச்சில் வராத ஊர்க் கணக்குதான். குலதெய்வக் கோயிலில் தொடங்குங்கள். குடும்பம் மூன்று ஊர் மாறியிருந்தாலும் குலதெய்வம் பூர்வீக ஊரைக் காட்டிக்கொடுத்துவிடும். கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலித்த நோட்டு தர்மகர்த்தா வீட்டில் இருந்தால், எந்த வருஷம் யார் குடும்பத் தலைவர், எப்போது மகன் பேர் ஏறியது என்று வரிசையாகத் தெரியும். "பட்டாளத்தார் வீடு" என்று அடைமொழியோடு எழுதிய நோட்டுகளும் உண்டு. கும்பாபிஷேக மலர், பள்ளி நூற்றாண்டு விழா மலர் இவற்றையும் விடாதீர்கள். நன்கொடையாளர் பட்டியலில் "ஓய்வுபெற்ற சுபேதார்" என்று ஒருவர் இருந்தால் அவருடைய பேரன் உங்களுக்கு உதவக்கூடும். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் சபையின் ஞானஸ்நானப் பதிவேடும் திருமணப் பதிவேடும் மற்ற எல்லாவற்றையும் விடத் தெளிவானவை. நகரத்தார்களுக்குக் கோயில் வாரியாகக் குடும்பங்களை எழுதி வைக்கும் கோயில் புள்ளிக் கணக்கு இருப்பதால் அவர்களுக்கு இந்தக் கட்டுரையே அவ்வளவாகத் தேவைப்படாது.

அப்புறம் பத்திரம். திரும்பி வந்த சிப்பாய்கள் பலர் சேர்த்த பணத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கினார்கள். சிலருக்கு அரசாங்கமே முன்னாள் படைவீரர் என்ற முறையில் தரிசு நிலம் ஒதுக்கியது. பழைய கிரயப் பத்திரத்தை நிதானமாகப் படியுங்கள். விற்றவர், வாங்கியவர், இருவருடைய தகப்பனார் பெயர், மதம், ஊர், "விவசாய ஜீவனம்" என்று தொழில் வரை எழுதியிருக்கும். நான்கு எல்லை சொல்லும் இடத்தில் கிழக்கே இன்னார் நிலம், வடக்கே இன்னார் நிலம் என்று வருகிறதே, அங்கே பாகம் பிரிந்த அண்ணன் தம்பிகளின் பெயர்கள் ஒளிந்திருக்கும். ஒரு நண்பரின் குடும்பத்தில் எல்லோரும் மறந்துபோன ஒரு சின்னத் தாத்தாவை இப்படித்தான் கண்டுபிடித்தார்கள், தெற்கு எல்லையில். நிலத்தின் முந்தைய கதைக்குக் கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேடு, அதற்கும் முந்தையதற்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். ஊர் நிலக் கணக்கு எழுதிய பரம்பரைக் கர்ணம் பதவியை 1980இல் ஒழித்தார்கள். பழைய கர்ணம் வீட்டிலும் ஒரு வார்த்தை மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள், சில வீடுகளில் இன்னும் கட்டு கட்டாக வைத்திருக்கிறார்கள்.

நிலம் இல்லாதவர்களின் வரலாறு

மேலே சொன்ன ஊர்ப் பதிவுகளைத் திரும்பிப் பாருங்கள். பட்டா, பத்திரம், கோயில் வரி, நன்கொடைப் பட்டியல் எல்லாமே சொத்து உள்ளவர்களுக்கானவை, கோயிலுக்குள் போக முடிந்தவர்களுக்கானவை. சேரியில் பிறந்து பண்ணையில் உழைத்த ஒருவரின் பெயர் இவற்றில் வர வாய்ப்பே இல்லை. ஆனால் மெட்ராஸ் சாப்பர்ஸிலும் பயனியர்களிலும் பறையர் சமூகத்து இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ராணுவத்தின் ஷீட் ரோல்தான் பல நேரம் பெயரும் தகப்பனார் பெயரும் ஊரும் சேர்த்து எழுதப்பட்ட முதல் அரசாங்கக் காகிதம். ஊர் எழுதாமல் விட்டதைப் படை எழுதி வைத்திருக்கிறது.

அதனால்தான் "ஊர் வரலாற்றில் தொடங்குவதே நல்லது" என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரையை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. அந்த அறிவுரை நிலம் வைத்திருந்தவர்களுக்குச் சரி. மற்றவர்கள் அதைக் கேட்டு ஆறு மாதம் அலைந்துவிட்டு, "நமக்கெல்லாம் வரலாறு இல்லை" என்று திரும்புகிறார்கள். வரலாறு இருக்கிறது, பெங்களூரில் இருக்கிறது.

ஊர் வரலாறு என்று யாராவது புத்தகம் போட்டிருந்தாலும் யார் எழுதியது என்று பாருங்கள். பெரும்பாலும் ஊரின் பெரிய வீட்டுக்காரர் எழுதியதாகத்தான் இருக்கும். அவருடைய முன்னோர் அரசனுக்குத் தளபதியாக இருந்திருப்பார், மற்றவர்கள் எல்லாம் அவர் அழைத்து வந்து குடியேற்றியவர்களாக இருப்பார்கள்.

அதற்காக ராணுவத் தாள் முழுக்க உண்மை என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். வயது பெரும்பாலும் ஆளைப் பார்த்துப் போட்ட வயது. ஆள் சேர்ப்பில் ஒவ்வொரு கம்பெனிக்கும் (படையின் உட்பிரிவு) இன்ன சாதியார் என்று ஒதுக்கீடு இருந்ததால் சாதியை மாற்றிச் சொல்லிச் சேர்ந்தவர்கள் உண்டு. வீட்டுக்குத் தெரியாமல் ஓடிப்போய்ச் சேர்ந்தவர் தன் பெயரையே மாற்றியிருக்கலாம். தேதி, எண், படைப்பிரிவு, போன இடம் ஆகியவற்றை ராணுவத் தாளிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். உறவு முறைக்கும் வயதுக்கும் ஊர் சொல்வதோடு ஒத்துப் பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் உறவு விஷயத்தில் நான் ஊரைத்தான் நம்புவேன். பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்பதில் கிராமம் தவறுவதில்லை.

இரண்டிலும் அடங்காதவர்கள்

மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களுக்குப் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் தாள் எதுவும் இருக்காது. அவர்களைத் தேட டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் என்ற இணையதளத்துக்குப் போக வேண்டும். அதை விட நல்ல வழி தியாகிகள் ஓய்வூதியக் கோப்பு. மத்திய அரசு 1972இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு மனு செய்தவர்கள் எங்கே சேர்ந்தேன், யாருக்குக் கீழே பணிபுரிந்தேன், எந்தச் சிறையில் இருந்தேன் என்று தாங்களே எழுதிக் கொடுத்திருப்பார்கள். குடும்பத்தில் ஒருவர் அந்த ஓய்வூதியம் வாங்கியிருந்தால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

இரண்டாம் போரில் சயாம் (இன்றைய தாய்லாந்து) மரண ரயில் பாதைக்கு ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போன தமிழ்த் தொழிலாளர்கள் இன்னும் பாவப்பட்டவர்கள். அவர்கள் படைவீரர்கள் இல்லை என்பதால் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் வரமாட்டார்கள். அவர்களுக்கு ராணுவ வழி மூடிக் கிடக்கிறது. தோட்டத்தில் கூட வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் சொல்வதும், இங்கே சொந்த ஊரில் கடைசியாக வந்த கடிதமும்தான் சாட்சி. இந்தக் குடும்பத்தில் யாராவது பெரியவர் இன்னும் இருந்தால் மற்ற எல்லா வேலையையும் ஒதுக்கிவிட்டு அவரைப் பேச வைத்துப் பதிவு செய்யுங்கள்.

செலவும் நேரமும்

பணம் என்று பார்த்தால் ராணுவ வழி மலிவு. போர்க் கல்லறைத் தேடல் இலவசம். ஆவண அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். மாவட்டத் தலைநகரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கப் பேருந்துக் கட்டணம்தான். ஊர் வழிக்குக் காசை விடக் கால்தான் தேய வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய வருஷங்களுக்குக் கையால் தேடச் சொல்லி மனுக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும், ஆவணக் காப்பகத்தில் அனுமதி வாங்கி உட்கார்ந்து புரட்ட வேண்டும், ஊரில் நான்கு வீட்டில் காபி குடித்துப் பொறுமையாகப் பேச வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது கஷ்டம். அவர்கள் ராணுவ வழியை முதலில் முடித்துவிட்டு, ஊருக்கு வரும் விடுமுறையில் மற்றதை வைத்துக்கொள்ளலாம். வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே அழைக்கப்படும் ஊர் உங்களுடையது என்றால், முதலில் தெருவில் விசாரியுங்கள். எந்தப் படைப்பிரிவு என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

மனு எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். "என் கொள்ளுத்தாத்தா முனுசாமி பற்றிய விவரம் தேவை" என்று எழுதினால் "பதிவு இல்லை" என்ற ஒரு வரிதான் வரும். எண், முழுப் பெயர், தகப்பனார் பெயர், அன்றைய தாலுகா, ஜில்லா, சேர்ந்த வருஷம் தோராயமாக எது என்று எழுதி, நீங்கள் இன்ன முறையில் வாரிசு என்பதற்கு ஆதாரம் வையுங்கள். பணி ஆவணம் அழிக்கப்பட்டிருந்தால் லாங் ரோலில் உள்ள பதிவின் நகலைத் தாருங்கள் என்று அதே மனுவில் தனியாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் ஷீட் ரோல் இல்லை என்பதோடு கோப்பை மூடிவிடுவார்கள்.

லாங் ரோல் நகல் வந்தால் அதில் எண்ணும், சேர்ந்த தேதியும், வெளியேறிய தேதியும், ஊரும் இருக்கும். அந்த இரண்டு தேதிகளை வைத்துக்கொண்டு லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் போர் நாட்குறிப்புகளைத் திறங்கள். முதல் போருக்கானவை பெரும்பாலும் இணையத்தில் இருக்கின்றன. சிப்பாயின் பெயர் அதில் அநேகமாக இருக்காது. அவருடைய கம்பெனி எந்த நாளில் எந்த ஆற்றில் பாலம் போட்டது, எந்த ஊரில் கூடாரம் அடித்தது என்பது நாள் வாரியாக இருக்கும்.